மெஷின் சாகறதுக்கு முன்னாடி சொன்ன வார்த்தை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த மெயில்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல். லினக்ஸ் மெஷின் நல்லா ஓடிக்கிட்டே இருக்கு, திடீர்னு கல்லு மாதிரி நின்னுடுது, ரீஸ்டார்ட் பண்ணி லாக் ஃபைலைத் தொறந்தா ஒண்ணுமே இல்ல. அதனால பிரிண்டர் கேள்வி, ஆன்டிவைரஸ் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இந்த தடவை இதை மட்டும் பேசிடலாம்னு இருக்கேன். கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துலயே தந்திருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க, பெரிய எழுத்து எங்க வரணுமோ அங்க தனியா சொல்லியிருக்கேன்.

கேள்வி: அண்ணா, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். கொழுந்து எடை போடற மெஷின்ல இருந்து சீரியல் கேபிள் வழியா நேரா கம்ப்யூட்டருக்கு எடை வந்துடும். உபுண்டுதான் போட்டிருக்கோம். வாரத்துல ரெண்டு நாள் காலைல வந்து பாத்தா ஸ்கிரீன்ல கடிகாரம் 2:14, 2:20 இப்படி ராத்திரி நேரத்துலயே நிக்குது, மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் அமுக்கினா லைட் கூட எரியாது. பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்கித்தான் எழுப்பறேன். லாக்ல 2:10 வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருக்கு, அதுக்கப்புறம் நேரா காலைல பூட் ஆனதுதான். ரேம் மாத்திட்டோம், எஸ்எம்பிஎஸ் மாத்திட்டோம், இப்ப போர்டு மாத்தலாம்னு சொல்றாங்க. மாத்தட்டுமா?

பதில்: மாத்தாதீங்க தம்பி, போர்டுக்கு காசு குடுக்காதீங்க இப்போதைக்கு. கோத்தகிரியில நான் வேலை பாத்த எடத்துல ஒரு சர்வர் இதே மாதிரி நின்னு நின்னு போச்சு, நாங்க ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருந்தோம், நாலு மாசம், ரேம், டிஸ்க், கடைசியில யூபிஎஸ் கூட, எதை மாத்தினாலும் பத்து நாள் ஓடும், சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருப்போம், பதினொண்ணாவது நாள் மறுபடியும். கடைசியில ஒரே ஒரு கேபிள் மாட்டி ஒரு ராத்திரி உக்காந்தோம். விடியக்காலம் மூணு மணி, வெளிய மஞ்சு எறங்கி ஜன்னல் கண்ணாடியே தெரியல, இந்தப் பக்கம் இருந்த பழைய லேப்டாப் ஸ்கிரீன்ல அதுவரைக்கும் சும்மா இருந்த கர்சர் எறங்கிச்சு, ஒரு வரி வந்துச்சு, அப்புறம் மடமடன்னு நாப்பது வரி. நாலு மாசமா நாங்க தேடினது அந்த நாப்பது வரிக்குள்ள இருந்துச்சு, டிஸ்க் கண்ட்ரோலரோட டிரைவர். அன்னிக்கு இருந்து எனக்கு இது ஒரு பிடிவாதமாவே ஆயிடுச்சு, மெஷின் என்ன சொல்லிட்டு செத்துச்சுன்னு தெரியாம ஒரு ஸ்க்ரூவைக் கூட கழட்டக் கூடாது.

லாக்ல ஏன் ஒண்ணுமே இல்லன்னு மொதல்ல புரிஞ்சுக்கங்க. கெர்னல், அதாவது லினக்ஸோட நடு மூளை, ஒரு மெசேஜ் சொன்னா அது மெமரியில ஒரு பஃபர்ல, தற்காலிக எடத்துல, உக்காரும். அதை லாக் எழுதற ஜர்னல் சர்வீஸ் எடுத்து, ஃபைல்ல எழுதி, அந்த ஃபைல் மெமரியில இருந்து டிஸ்க்குக்கு எறங்கணும். சாதாரண மெசேஜுக்கு ஜர்னல் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் டிஸ்க்குக்கு கட்டாயமா எறக்கும், ரொம்ப சீரியஸ் மெசேஜ்னா ஒடனே எறக்கும். ஆனா கெர்னலே பூட்டிக்கிச்சுன்னா அந்த ஜர்னல் சர்வீஸ் ஓடவே சிபியு கெடைக்காது, சீரியஸா இருந்தென்ன, சாதாரணமா இருந்தென்ன. வாயைக் கட்டிப் போட்டுட்டு ஏன் சொல்லலன்னு கேக்கற மாதிரிதான் இது. அதனால அந்தச் சேதி டிஸ்க்கை நம்பாம, வேற வழியில, சாகற நிமிஷமே வெளிய போகணும்.

அதுக்கு இன்னிக்கும் சீரியல் போர்ட்டை அடிச்சுக்க ஆள் இல்ல. கெர்னல் ஒவ்வொரு எழுத்தா அந்த சிப்புக்கு நேரா தள்ளுது, சிப் காலியா காலியான்னு தானே பாத்துப் பாத்து தள்ளுது, அதுக்கு டிஸ்க் வேணாம், நெட்வொர்க் வேணாம், இன்டர்ரப்ட், அதாவது சிபியுவைக் கூப்பிடற சிக்னல், அது கூட வேணாம். பாதி செத்த கெர்னலுக்கும் இது முடியும்.

உங்க எடத்துல சிக்கல் என்னன்னா ஒரே சீரியல் போர்ட், அதுல எடை மெஷின் மாட்டியிருக்கு. இங்கதான் நெறைய பேர் தப்பா செய்வாங்க, எடை மெஷினை அப்படியே விட்டுட்டு கன்சோலுக்கு, அதாவது கெர்னல் மெசேஜ் வெளிய வர்ற வழிக்கு, ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டர் வாங்கி மாட்டுவாங்க. தலைகீழா செய்யுங்க. எடை மெஷினைத் தூக்கி யூஎஸ்பி அடாப்டர்ல போடுங்க, அது உயிரோட இருக்கற மெஷின்ல வேலை செஞ்சா போதும். போர்டுல இருக்கற நெஜ போர்ட்டை கெர்னலுக்குக் குடுங்க, ஏன்னா யூஎஸ்பி வழியா ஒரு எழுத்து வெளிய போகணும்னாலே யூஎஸ்பி அடுக்கு மொத்தமும் உயிரோட இருக்கணும், பூட்டின கெர்னல்ல அதை நம்ப முடியாது. எடை மெஷினைக் கழட்டாம அதே போர்ட்ல கன்சோலையும் போட்டுடாதீங்க, கெர்னல் மெசேஜ் எல்லாம் எடை மெஷினுக்குப் போகும், அது என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது.

கேபிள் சாதா கேபிள் இல்ல, நல் மோடம் கேபிள்னு கேட்டு வாங்குங்க, உள்ள 2ம் 3ம் குறுக்கே மாறியிருக்கும், 5 நேரா கிரவுண்ட். இங்க கெடைக்கலன்னா கோயம்புத்தூர் போறவங்ககிட்ட சொல்லிவிடுங்க. வாங்கற பக்கம் ஒரு பழைய லேப்டாப் போதும், அங்க யூஎஸ்பி அடாப்டர் போட்டுக்கலாம், தப்பில்ல, அது சாகப் போறதில்லையே. ராஸ்பெர்ரி பை வெச்சிருந்தா அதோட பின்ல நேரா மாட்டிடாதீங்க, அது 3.3 வோல்ட், சீரியல் போர்ட் ப்ளஸ் மைனஸ் 12 வோல்ட் வரைக்கும் தள்ளும், பை கருகிடும்.

இடிசி, டிஃபால்ட் உள்ள இருக்கற கிரப் ஃபைல்ல கெர்னல் வரியில கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200என்8 னு சேருங்க, டிடிஒய்எஸ்ல அந்த எஸ் மட்டும் பெரிய எழுத்து. கூடவே இக்னோர்_லாக்லெவல் னு போட்டுடுங்க, இல்லன்னா முக்கியமில்லன்னு கெர்னல் நெனைக்கற வரியெல்லாம் வராது. அப்டேட்-கிரப் ஓட்டி ரீபூட். லேப்டாப்ல மினிகாம்னு சீரியல் போர்ட்ல வர்றதைக் காட்டற ப்ரோக்ராமைத் தொறந்து 115200 வெச்சு, ஃபைலுக்கு கேப்சர் ஆன் பண்ணி, லேப்டாப் தூங்காம இருக்க செட்டிங் மாத்தி, சார்ஜர் போட்டு விட்டுட்டு வீட்டுக்குப் போங்க. லேப்டாப் தூங்கிப் போய் ஒரு ராத்திரி வீணாப் போனவங்க எத்தனையோ பேர், அதனாலதான் அழுத்திச் சொல்றேன்.

இன்னொண்ணு, ஹேங் வேற பேனிக் வேற. பேனிக்னா கெர்னல் தானே நான் போறேன்னு சொல்லிட்டு நிக்குது. ஹேங்னா ஏதோ ஒரு சிபியு ஒரு எடத்துல சுத்திக்கிட்டே இருக்கு, அது தானா எதுவும் சொல்லாது, இன்னொருத்தர் கவனிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் கெர்னலுக்குள்ளயே வாட்ச்டாக் இருக்கு. ஒரு சிபியு 20 செகண்டுக்கு மேல வேற யாருக்கும் வழி விடலன்னா சாஃப்ட் லாக்கப்னு கத்தும், இன்டர்ரப்ட்டே 10 செகண்டா எடுக்கலன்னா ஹார்டு லாக்கப், ஒரு ப்ராசஸ் எழுப்ப முடியாத தூக்கத்துல 120 செகண்ட் இருந்தா ஹங் டாஸ்க். ஹார்டு லாக்கப்பை என்எம்ஐனு ஒரு இன்டர்ரப்ட் வெச்சு கண்டுபிடிக்கும், மத்த இன்டர்ரப்ட்டை எல்லாம் அடைச்சு வெச்சிருந்தாலும் அது மட்டும் உள்ள நுழையும். கெர்னல்.என்எம்ஐ_வாட்ச்டாக் 1னு இருக்கான்னு, கெர்னல் செட்டிங்கைக் காட்டற, மாத்தற சிஸ்சிடிஎல் கமாண்ட்ல பாத்துக்கங்க, நெறைய லேப்டாப்ல பேட்டரி மிச்சம் பண்றேன்னு யாரோ அணைச்சு வெச்சிருப்பாங்க. கெர்னல்.சாஃப்ட்லாக்கப்_ஆல்_சிபியு_பேக்ட்ரேஸ் அதையும் 1 ஆக்கிடுங்க, சாஃப்ட் லாக்கப் ஆனா எல்லா சிபியுவும் எங்க நிக்குதுன்னு காட்டும், அது எதுக்குன்னு கடைசி கடிதத்துல வருது.

கேப்ஸ் லாக் லைட் எரியலன்னு எழுதியிருந்தீங்க, அதை மட்டும் வெச்சு கெர்னல் செத்துச்சுன்னு முடிவு பண்ண முடியாது, டெஸ்க்டாப்ல இருக்கும்போது அந்த லைட்டை எரிக்கறதே டெஸ்க்டாப்தான். அது உறைஞ்சாலும் கெர்னல் உள்ள முழிச்சிருக்கலாம். அடுத்த தடவை பவர் பட்டன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஆல்ட் அமுக்கிக்கிட்டே பிரிண்ட்ஸ்கிரீன் கீயையும் அமுக்கி எல் தட்டுங்க, அப்புறம் டபிள்யூ தட்டுங்க. எல்னா ஒவ்வொரு சிபியுவும் இப்ப எங்க நிக்குதுன்னு சொல்லும், டபிள்யூன்னா யார் யார் மாட்டிக்கிட்டு காத்திருக்காங்கன்னு சொல்லும். ஸ்கிரீன்ல எதுவும் தெரியாது, பயப்படாதீங்க, லேப்டாப்ல போய் விழும். டி தட்டினா எல்லா ப்ராசஸும் வரும், ஆனா 115200 வேகத்துல செகண்டுக்கு சுமார் 11,500 எழுத்துதான் போகும், ஆயிரக்கணக்கான வரி வந்தா கொஞ்ச நேரம் ஆகும், அவசரப்பட்டு பட்டனை அமுக்கிடாதீங்க.

உபுண்டுல இந்த கீ எல்லாத்தையும் அனுமதிக்க மாட்டாங்க, கெர்னல்.சிஸ்ஆர்க்யூ 176னு இருக்கும். 128, 32, 16 மூணும் சேர்ந்ததுதான் அது, ரீபூட்டும் டிஸ்க்கை சிங்க் பண்றதும் ரீட்-ஒன்லி ஆக்கறதும் மட்டும் வேலை செய்யும், எல், டபிள்யூ மாதிரி நெலவரம் காட்டற கீக்கு வேண்டிய 8 அதுல இல்ல. 1னு மாத்திடுங்க. எல்லாம் எடுத்த பிறகு எஸ், யு, பி னு ஒண்ணொண்ணா தட்டினா டிஸ்க் பத்திரமா ரீபூட் ஆகும்.

கேள்வி: சார், கூடலூர்ல சின்னதா கேபிள் நெட் நடத்தறேன். லினக்ஸ் பாக்ஸ் ஒண்ணுதான் எல்லாருக்கும் ரவுட்டர். சீரியல் போர்ட்டே இல்லாத சின்ன பெட்டி. மழை நேரத்துல ஹேங் ஆனா நான் குடை புடிச்சுக்கிட்டு டவர் ரூமுக்கு ஓட வேண்டியிருக்கு. என்ன வழி?

பதில்: மொதல்ல பெட்டியைத் தொறந்து போர்டுல 10 பின் ஹெடர் ஏதாவது காம்னு எழுதி இருக்கான்னு பாத்துடுங்க சார், வெளிய போர்ட் இல்லன்னாலும் உள்ள பல போர்டுல இருக்கும், ஒரு பிராக்கெட் கேபிள் போட்டா முடிஞ்சுது. அந்த பிராக்கெட் கேபிள்ல ரெண்டு விதமான வயரிங் வருது, ஒண்ணுல ஒண்ணுமே வரலன்னா போர்டைத் திட்டாம இன்னொண்ணு வாங்கிப் பாருங்க.

இல்லவே இல்லன்னா நெட்கன்சோல். கெர்னல் மெசேஜை யூடிபி பாக்கெட்டா கட்டி நேரா நெட்வொர்க் கார்டுல இருந்து பக்கத்து மெஷினுக்கு வீசும். இது ஒரு மாட்யூல், அதாவது கெர்னல்ல தேவைப்படறப்போ சேத்துக்கற துண்டு. அதுக்கு குடுக்க வேண்டியது நெட்கன்சோல்=6665@ உங்க பாக்ஸ் ஐபி / கார்டு பேர் , 6666@ வாங்கற மெஷின் ஐபி / அதோட மேக் முகவரி, நடுவுல எடம் விடாம ஒரே கோவையா. கார்டு பேரும் மேக்கும் ஏன் கேக்குதுன்னா, சாகற நேரத்துல போய் ரூட்டிங் டேபிள் பாத்து, இந்த ஐபிக்கு மேக் என்னன்னு ஏஆர்பி கேட்டு உக்காந்திருக்க முடியாது, எல்லாத்தையும் இப்பவே கையில குடுத்துடணும். வாங்கற மெஷின் வேற நெட்வொர்க்ல இருந்தா அதோட மேக் குடுக்கக் கூடாது, நடுவுல இருக்கற கேட்வே மேக் குடுக்கணும், இந்த எடத்துல தப்பு விட்டுட்டு நெட்கன்சோல் வேலை செய்யலன்னு விட்டவங்க நெறைய. வாங்கற பக்கம் என்சி -யு -எல் 6666 னு போட்டு ஒரு ஃபைலுக்கு தள்ளிடுங்க. அனுப்பற பக்கம் டிஎம்இஎஸ்ஜி -என் 8 மறக்காதீங்க, இல்லன்னா பாதி மெசேஜ் கிளம்பவே கிளம்பாது.

வயர் போட்ட கார்டுதான் வேணும், வை-ஃபையில இது நடக்காது. இன்னொரு விஷயம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிடறேன், ரவுட்டர் பாக்ஸ்ல சந்தேகமே நெட்வொர்க் டிரைவர் மேலதான் இருக்கும், அந்த டிரைவரே பூட்டிக்கிட்டா அதே டிரைவர் வழியா சேதி வராது. அதனால உங்க லைனெல்லாம் போற கார்டை விட்டுட்டு, முடிஞ்சா வேற கம்பெனி சிப் இருக்கற ரெண்டாவது கார்டு ஒண்ணு இதுக்குன்னே ஒதுக்குங்க.

மாட்டி முடிச்சதும் எக்கோ ஹெச் னு ப்ராக்ல சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் ஃபைலுக்கு தள்ளுங்க, உதவி வரி ஒண்ணு அந்தப் பக்கம் வரணும். வந்துச்சா, அதோட விட்டுடாதீங்க. கஸ்டமர் எல்லாம் தூங்கற நேரமா பாத்து, சிங்க் அடிச்சுட்டு, ஹெச்சுக்கு பதிலா சி தள்ளுங்க. சி-ன்னா கெர்னலை வேணும்னே விழ வைக்கறது, மெஷின் நெஜமாவே செத்துடும், தெரிஞ்சே செய்யுங்க. அப்ப அந்தப் பக்கம் முழு கால் ட்ரேஸும், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்க வந்துச்சுங்கற பட்டியலும், வந்து சேர்ந்தாத்தான் உங்க ஏற்பாடு வேலை செய்யுதுன்னு அர்த்தம். இதைச் செஞ்சு பாக்காம ரெண்டு மாசம் காத்திருந்து, நெஜமா ஹேங் ஆன அன்னிக்கு வெறும் ஃபைலைப் பாக்கற வேதனை இருக்கே, அது யாருக்கும் வேணாம் சார்.

கேள்வி: அண்ணா, நான் ஊட்டியில காலேஜ் படிக்கறேன். லேப்டாப்தான், சீரியல் இல்ல, ஹாஸ்டல்ல வை-ஃபை மட்டும்தான். சில சமயம் கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்தா வந்து நிக்குது, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். இது போதுமா?

பதில்: எடுத்தது ரொம்ப நல்ல காரியம் தங்கச்சி, ஆனா ஃபோட்டோவுல இருக்கறது வால் மட்டும், தலை மேல ஓடிப் போச்சு. நமக்கு வேண்டியது மொதல் ஊப்ஸ், அதாவது கெர்னல் தனக்குள்ள தப்பைக் கண்டதும் எழுதற ரிப்போர்ட், அதுக்கப்புறம் வர்றதெல்லாம் பெரும்பாலும் அது இடிச்சுத் தள்ளினதுதான். மேல தள்ளிப் பாக்கலாம்னா அந்த வசதியை 5.9 கெர்னல்லயே, 2020ல, டெக்ஸ்ட் கன்சோல்ல இருந்து எடுத்துட்டாங்க. அதனால பாஸ்_ஆன்_ஊப்ஸ்=60 னு கெர்னல் வரியில போட்டா மொத ஊப்ஸ் வந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கும், எழுத்தையும் சின்னதாக்கினா நெறைய வரி அடங்கும். அடிக்கடி வர்றதுன்னா ஃபோனை ஸ்டாண்டுல வெச்சு வீடியோவே எடுத்துடுங்க, அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமா நிறுத்திப் படிக்கலாம்.

லேப்டாப்புக்கு இன்னொரு நல்ல வழி பிஸ்டோர். யூஇஎஃப்ஐ சிப்புக்குள்ள இருக்கற கொஞ்ச எடத்துல கெர்னல் விழறப்போ கடைசி மெசேஜை எழுதி வெச்சுடும், பவர் போனாலும் அது அழியாது. அடுத்த பூட்ல சிஸ், எஃப்எஸ், பிஸ்டோர் ஃபோல்டர்ல பாருங்க, அங்க இல்லன்னா சிஸ்டம்டி எடுத்து வார், லிப், சிஸ்டம்டி, பிஸ்டோர்ல வெச்சிருக்கும். ஒண்ணுமே இல்லன்னா உங்க டிஸ்ட்ரிபியூஷன் அதை அணைச்சு வெச்சிருக்கலாம், இஎஃப்ஐ_பிஸ்டோர்.பிஸ்டோர்_டிஸேபிள்=0 னு குடுங்க. ஹேங் தானா பேனிக் ஆகாதுன்னு மேல சொன்னேன்ல, அதனால கெர்னல்.சாஃப்ட்லாக்கப்_பேனிக், கெர்னல்.ஹார்டுலாக்கப்_பேனிக் ரெண்டையும் 1 ஆக்கினாத்தான் இது எழுதவே ஆரம்பிக்கும். படிச்சு முடிச்சதும் அந்த ஃபைலை அழிச்சுடுங்க, எடம் ரொம்பக் கம்மி.

புது கெர்னல்ல இன்னொரு சந்தோஷமான விஷயம், 6.12ல இருந்து பேனிக் ஸ்கிரீன்லயே க்யூஆர் கோடு காட்ட வசதி வந்துடுச்சு, கிராஃபிக்ஸ் டிரைவர் ஒத்துழைச்சா ஃபோன்ல ஸ்கேன் பண்ணி மெசேஜை எடுத்துக்கலாம். எழுத்தைப் பாத்துப் பாத்து கையால நோட்டுல காப்பி எடுத்த காலத்துல இருந்து வந்தவன் நான், இதைப் பாத்தப்போ மனசு நெறைஞ்சுடுச்சு.

கேள்வி: கொடைக்கானல்ல ஒரு ரிசார்ட்ல சிஸ்டம் பாக்கறேன் சார். கேடம்ப் போட்டேன், வார் க்ராஷ்ல பெரிய ஃபைல் விழுந்துருக்கு. உங்களுக்கு டிரைவ் லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க.

பதில்: லிங்க்கை நான் தொறக்கல, நீங்க ஒடனே அழிச்சுடுங்க. அந்தப் பெரிய ஃபைலுக்குப் பேரு விஎம்கோர், அந்த நிமிஷத்துல மெமரியில இருந்ததோட படம். தங்க வந்தவங்க பேரு, ஃபோன் நம்பரு, நீங்க டைப் பண்ண பாஸ்வேர்டு, டிஸ்க்கை திறக்கற சாவி வரைக்கும் அதுக்குள்ள இருக்கலாம். நம்பிக்கை இல்லாததால சொல்லல, அது யார் கைக்கும் போகக் கூடாத பொருள்.

கேடம்ப் போட்டது ரொம்ப சரி. க்ராஷ்கெர்னல்=256எம் னு ஒதுக்கின எடத்துல ரெண்டாவது கெர்னல் ஒண்ணு தயாரா தூங்கிக்கிட்டு இருக்கும், மொத கெர்னல் விழுந்ததும் பயாஸ் பக்கமே போகாம அது எழுந்து செத்ததோட மெமரியை எடுத்து வைக்கும். 2005ல 2.6.13ல இருந்தே இது கெர்னல்ல இருக்கு. அந்த ஃபோல்டர்லயே டிஎம்இஎஸ்ஜி னு பேர் ஆரம்பிக்கற சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும் பாருங்க, அதைத் தொறந்து ஒரு தடவை கண்ணால படிச்சு, ஐபி, பேரு ஏதாவது இருந்தா மறைச்சுட்டு அதை மட்டும் அனுப்புங்க. பத்துல எட்டு கேஸுக்கு எனக்கு அது போதும். மிச்ச ரெண்டுக்கு க்ராஷ் டூலை உங்க மெஷின்லயே ஓட்டி என்ன பாக்கணும்னு நான் சொல்லித் தரேன்.

கேள்வி: ஊட்டியில ரிட்டயர்டு ஃபிசிக்ஸ் டீச்சர் எழுதறேன். ஏழாயிரம் அடி உயரத்துல காஸ்மிக் கதிர் அதிகம். எங்க வீட்டு மெஷின் ஹேங் ஆகறதுக்கு அதுதான் காரணமா இருக்குமோ?

பதில்: நல்ல கேள்வி டீச்சர், தள்ளி விடற கேள்வி இல்ல. கீழ சமவெளியை விட இங்க நியூட்ரான் அதிகமா வருதுங்கறது உண்மை, அது ரேம்ல ஒரு பிட்டை புரட்டிடலாம்ங்கறதும் உண்மை. நம்ம ஊட்டியில கிரேப்ஸ்-3னு காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக் கூடம் இருக்கே, காஸ்மிக் கதிர்ல இருந்து வர்ற மியூவானை எண்ணி எண்ணியே 2014 டிசம்பர் 1ம் தேதி வந்த இடிமேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்களே, அதைப் படிச்சப்போ எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை நிக்கற மெஷினுக்கு அது மேல பழி போட வேணாம். இதையும் க்ராஷ் அவுட்புட் வெச்சே பிரிச்சுடலாம் டீச்சர். மூணு தடவை புடிங்க. மூணுலயும் ஒரே ஃபங்ஷன் பேரு வந்தா பெரும்பாலும் சாஃப்ட்வேர். மூணும் மூணு எடத்துல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம விழுந்தா ரேம், பவர், சூடு இந்தப் பக்கம் போங்க, மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. அதுக்கு முன்னாடி ரேமைக் கழட்டி காண்டாக்ட்டைத் தொடச்சு மறுபடி மாட்டுங்க, ஜூன் ஜூலை ஈரத்துல இங்க அது பூத்துப் போறதை நான் கையால தொட்டுப் பாத்திருக்கேன். இசிசி ரேம், அதாவது பிட் தப்பைத் தானே கண்டுபிடிக்கற ரேம், போட்ட மெஷின்னா புரண்ட பிட்டை அதுவே எண்ணி வெச்சிருக்கும், காஸ்மிக் கதிரைத் தேடணும்னா அந்த எண்ணிக்கையில இருந்துதான் தொடங்கணும்.

கேள்வி: அண்ணா, அதே குன்னூர் ஃபேக்டரி தம்பிதான். நீங்க மெயில்ல சொன்னபடியே எடை மெஷினை யூஎஸ்பிக்கு மாத்திட்டு கன்சோல் கேபிள் போட்டேன். மூணாவது ராத்திரி புடிச்சுட்டேன்! பக்: சாஃப்ட் லாக்கப் - சிபியு#1 ஸ்டக் ஃபார் 22எஸ் னு வருது, பக்கத்துல நம்ம பேக்கப் ப்ராசஸ் பேரு. அப்ப பேக்கப் ஸ்கிரிப்ட்தான் தப்பா? முழுசா அட்டாச் பண்ணியிருக்கேன்.

பதில்: முழுசா படிச்சேன் தம்பி, ரெண்டு தடவை படிச்சேன். அருமையா புடிச்சிருக்கீங்க. பேக்கப் மேல தப்பு இல்ல.

22 செகண்ட்னு ஏன் வருதுன்னா எல்லை 20, வாட்ச்டாக் 4 செகண்டுக்கு ஒரு தடவைதான் எட்டிப் பாக்கும், அதனால 22, 23 இப்படித்தான் பெரும்பாலும் வரும், அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. சிபியு 1ல கால் ட்ரேஸோட மேல் வரி என்னன்னு பாருங்க, நேட்டிவ்_க்யூட்_ஸ்பின்_லாக்_ஸ்லோபாத். இதுக்கு அர்த்தம் அது ஒரு பூட்டுக்காக வரிசையில நிக்குது. ரேஷன் கடையில வரிசை நகரலன்னு சத்தம் போடறவர் வரிசையில நிக்கறவர்தான், உள்ள கவுண்டரை அடைச்சுக்கிட்டு இருக்கறவர் வேற. பேக்கப் பாவம் வரிசையில நின்னு சத்தம் போட்டுச்சு. அதனாலதான் எல்லா சிபியு பேக்ட்ரேஸும் கேட்டேன். கீழ எறங்கி சிபியு 3ஐப் பாருங்க, அது அதே பூட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மாட்யூலுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு, சதுர அடைப்புக்குள்ள மாட்யூல் பேரு இருக்கு, உங்க வை-ஃபை குச்சியோட டிரைவர். நடுவுல கேள்விக்குறி போட்ட வரியெல்லாம் கெர்னலுக்கே நிச்சயமில்லாத வரி, அதை விட்டுட்டுப் படிங்க.

அப்புறம் டெயின்டட்னு ஒரு வரி, அதுல ஓ, இ ரெண்டு எழுத்து இருக்கு. ஓ-ன்னா கெர்னலோட வராம வெளிய இருந்து கொண்டு வந்து போட்ட மாட்யூல், இ-ன்னா கையெழுத்து இல்லாதது. யாரோ நெட்ல இருந்து எடுத்து கம்பைல் பண்ணிப் போட்டுட்டுப் போயிருக்காங்க, போட்டவங்க நல்ல எண்ணத்துலதான் போட்டிருப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏன்னா, அப்பதான் உங்க பேக்கப் அந்த குச்சி வழியா மொத்த கணக்கையும் மேல அனுப்புது, பகல்ல அவ்வளவு பாரம் அதுக்கு வர்றதில்ல. ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லாத்தான் இருந்திருக்கும், கழட்டினதை எடுத்து வெச்சிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது, குச்சியைப் பிடுங்குங்க, அந்த மாட்யூலை எடுத்துடுங்க, போர்டுல வயர் போர்ட் சும்மாதான் இருக்குன்னு எழுதியிருந்தீங்க, வாட்டு தொட்டி ஓரமா ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து ஆபீஸ் ரவுட்டர்ல மாட்டுங்க. சீரியல் கேபிளை மட்டும் கழட்டாதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை நின்ன மெஷின், ஒரு மாசம் தொடர்ந்து ஓடினாத்தான் நான் நம்புவேன். மறுபடி நின்னா பழைய ஃபைலை அழிக்காம புதுசையும் சேத்து அனுப்புங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்.